பிள்ளை ஒன்று குறைகிறது

என் மனைவி ஜிபாருக்கு ஐந்து மாதம் என்பது எனக்குத் தெரியும், அவளுக்குத் தெரியும், மேய்ச்சல் மலையில் எங்களோடு கூடாரம் போட்டிருந்த ஆறு குடும்பங்களுக்கும் தெரியும். எங்கள் மாவட்ட மருத்துவமனைக்கு மட்டும் தெரியாது. அதற்குத் தெரியாத வரை அவள் கர்ப்பிணி இல்லை. செப்டம்பர் முதல் வாரத்தில் குதிரைகளை ஓட்டிக்கொண்டு கீழே இறங்கி வந்த மறுநாளே இதைக் கற்றுக்கொண்டேன்.

போன வருஷம் எங்களுக்கு ஒரு பெண்பிள்ளை ஏழாம் மாதத்தில் வயிற்றிலேயே அடங்கிப்போனது. அப்போதும் இரண்டு ஸ்கேன் எடுத்தோம். இரண்டு தடவையும், "எல்லாம் காகிதத்துல இருக்கு" என்றார்கள். அந்தக் காகிதத்தில் என்ன இருந்தது என்று எங்களுக்கு யாரும் படித்துச் சொல்லவில்லை. ஆகவே இந்தத் தடவை ஜிபாருக்கு வேண்டியது ஒன்றுதான். திரையைப் பார்க்கிற ஆள் அவள் முகத்தையும் பார்த்து, பிள்ளை நன்றாக இருக்கிறதா இல்லையா என்று வாயைத் திறந்து சொல்ல வேண்டும். குதிரைக்குட்டி கேட்கவில்லை, வீடு கேட்கவில்லை. இதைத்தான் கேட்டாள்.

மருத்துவமனை வாசலில் பூட்ஸுக்கு மேலே நீல நிறப் பிளாஸ்டிக் பையை மாட்டிக்கொண்டு, "யார் கடைசி?" என்று கேட்டு, கடைசி ஆளுக்குப் பின்னால் கடைசி ஆளாகி, இரண்டு மணி நேரம் கழித்துப் பதிவு ஜன்னலுக்கு வந்தோம். அந்த ஜன்னல் இடுப்பு உயரத்தில் இருக்கிறது. எப்பேர்ப்பட்டவனும் அதற்கு முன்னால் குனிந்துதான் பேச வேண்டும். உள்ளே குல்பாரா அக்கா உட்கார்ந்திருந்தாள். மாவட்டத்தில் பாதிப் பேரை அவள் உச்சந்தலையை வைத்துத்தான் அடையாளம் சொல்வாள்.

"முதல் ஸ்கேன் எங்க?"

"எடுக்கல அக்கா. மேல மேய்ச்சல்ல இருந்தோம்" என்றாள் ஜிபார்.

"பன்னெண்டாவது வாரத்துல எடுக்கணும்."

"பன்னெண்டாவது வாரத்துல நான் குதிரை கறந்துக்கிட்டிருந்தேன்."

"சரி, போனது போகட்டும். இப்ப எத்தனை?"

"இருபத்தியொண்ணு."

"இருபத்தியொண்ணுல பன்னெண்டாவது வார ஸ்கேன் எடுக்க முடியாதேம்மா."

"அப்ப ரெண்டாவதையே எடுத்துருங்க."

"முதலாவது இல்லாம ரெண்டாவது எப்படி வரும்? எண்ணத் தெரியாதா உனக்கு? முதல் கட்டம் நிரம்பினாத்தான் கம்ப்யூட்டர் ரெண்டாவது கட்டத்தைத் திறக்கும். ரெண்டாவது இல்லாம மூணாவது இல்ல. மூணாவது இல்லாம பிரசவ வார்டுல படுக்க விடமாட்டாங்க."

"வலி வந்துட்டா?"

"பதிவு இல்லாம எப்படிம்மா வரும்?"

நான் இன்னும் கொஞ்சம் குனிந்தேன். "அக்கா, வேற வழியே இல்லையா?"

குல்பாரா இரண்டு பக்கமும் பார்த்தாள். குரலைத் தாழ்த்தினாள். "நான் ஒண்ணும் சொல்லல. சொன்னேன்னு வெளிய சொன்னா நான் சொல்லவேயில்லன்னு சொல்லுவேன். உங்க வீட்டுல பன்னெண்டு வாரத்துல யாரும் இல்லையா? பன்னெண்டு வாரத்துல ஒருத்தி இல்லாத வீட்ட நான் இந்த ஊர்ல பாத்ததில்ல."

இருந்தாள். என் அண்ணி அனார்குல். மூன்று பெற்றவள், நான்காவது மூன்று மாதம், மருத்துவமனைப் பக்கம் தலைவைத்துப் படுக்காதவள். "நாலாவதுக்கு எதுக்குப் படம் புடிக்கணும்? வெளிய வந்ததும் நேர்லயே பாத்துக்கறேன்" என்று திரிந்தவள். ஓரகத்திக்காக என்றதும் உடனே துணியை மாற்றிக்கொண்டு வந்துவிட்டாள். செவ்வாய்க்கிழமை ஜிபாரின் அட்டையோடு ஜிபாராக உள்ளே போனாள். ஜிபார் உறவுக்காரியாக வெளியே என்னோடு உட்கார்ந்திருந்தாள். யாரும் முகத்தைப் பார்க்கவில்லை. அட்டையைப் பார்த்தார்கள், அட்டை சரியாக இருந்தது.

பத்து நிமிஷத்தில் அண்ணி சிரித்துக்கொண்டே வெளியே வந்தாள். வராந்தாவில் வரிசையாக உட்கார்ந்திருந்த வயிறுகளைத் தாண்டி வந்து ஜிபாரின் தோளில் ஓங்கி ஒரு அடி போட்டாள்.

"அடியே, உனக்கு ரெட்டைப் பிள்ளையாம்டி! மாட்டிக்கிட்டியா! ரெண்டு தொட்டில், ரெண்டு மடங்கு பீத்துணி, ரெண்டும் ஒரே நேரத்துல கத்தும். என் கொழுந்தன் மூஞ்சியப் பாரு, இப்பவே தொங்குது!"

அப்படியே ஒரு நிமிஷம் சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. குனிந்து தன் வயிற்றைப் பார்த்தாள். நீலப் பை மாட்டிய கால்களை நீட்டி அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஐயோ, உள்ள போய்ப் படுத்தது நான்தான" என்றாள்.

வெள்ளிக்கிழமை ஜிபார் ஜிபாராகவே போனாள். முதல் கட்டம் நிரம்பியிருந்ததால் இரண்டாவது திறந்துவிட்டது. ஸ்கேன் அறையில் கணவன்மாருக்கு அனுமதி இல்லை. ஆனால் கதவு சரியாக மூடாது, அதனால் எல்லாம் காதில் விழுந்தது. டாக்டர் கெனெஷ் ஒன்பது வருஷமாக அந்த நாற்காலியில் இருக்கிறார். திரை அவர் பக்கமாகத் திரும்பியிருக்கும். படுத்திருப்பவளுக்குத் தெரிவது இயந்திரத்தின் முதுகும் அதில் ஒட்டியிருக்கும் "திரையைத் திருப்பாதீர்" என்ற அறிவிப்பும்தான்.

"தலை அம்பத்துமூணு. தொடை முப்பத்தெட்டு. வயிறு நூத்தி எழுபத்தாறு" என்று அவர் சொல்லச் சொல்ல நர்ஸ் தட்டினாள்.

"டாக்டர், பிள்ளை நல்லா இருக்கா?" இது ஜிபார்.

"மூச்சை விடாதீங்க. நூத்தி எழுபத்தாறு எழுதியாச்சா?"

"டாக்டர், கேட்டேனே."

"எல்லாம் காகிதத்துல வரும்மா. காகிதத்த உங்க டாக்டர் படிச்சுச் சொல்லுவாங்க."

காகிதத்தை எங்கள் டாக்டரிடம் கொண்டுபோனோம். அவர் அதைக் கையில் வாங்கி, முன்னும் பின்னும் பார்த்து, "இத ஸ்கேன் டாக்டர்தான் சொல்லணும். நான் திரையப் பாக்கலையே" என்றார். திரும்பி ஸ்கேன் அறைக்குப் போனோம். "யார் கடைசி?" என்று கேட்டேன். பதினெட்டு பேர் என்னைப் பார்த்தார்கள்.

அடுத்த புதன்கிழமை பெரிய டாக்டரின் அலுவலகத்திலிருந்து போன். பிள்ளை விஷயம், உடனே வரவும், வேறு எதுவும் போனில் சொல்ல முடியாது. வண்டியில் போகும்போது ஜிபார் வயிற்றைவிட்டுக் கையை எடுக்கவில்லை. உள்ளே உதைக்கிறது என்றாள். பிறகு, "போன தடவையும் உதைச்சுக்கிட்டுத்தான் இருந்துச்சு" என்றாள்.

பெரிய டாக்டர் தோக்தோசுனோவ் அகலமான மனிதர். மேசை அவரைவிட அகலம். எழுந்து நின்றுதான் பேசினார்.

"அம்மா, முதல் ஸ்கேன்ல உங்களுக்கு ரெண்டு பிள்ளை. மூணு நாள் கழிச்சு ரெண்டாவது ஸ்கேன்ல ஒண்ணு. இன்னொண்ணு எங்க?"

மூன்று நாளில் பிள்ளை பத்து வாரம் வளர்ந்திருந்தது. அதைப் பற்றி அவருக்கு ஆட்சேபம் இல்லை. வளர்ச்சி எந்தத் துறையிலும் வரவேற்கத்தக்கதுதான்.

"நல்லாக் கேட்டுக்குங்க. இந்த மாவட்டத்துல இந்த வருஷம் வயித்துப்பிள்ளை இழப்பு பூஜ்யம். டிசம்பர் முடிய பூஜ்யம்னு அறிக்கை போயாச்சு. மேல கையெழுத்தாயிருச்சு, பாராட்டுக் கடிதமும் வந்திருச்சு. இதோ, சட்டம் போட்டு மாட்டியிருக்கேன். அதனால உங்க பிள்ளை போயிருக்க வாய்ப்பே இல்ல. எங்கயோ இருக்கு. பயப்படாம சொல்லுங்க, எங்க வெச்சீங்க?"

"உள்ள இருக்கறது எப்படி இருக்கு, அதச் சொல்லுங்க முதல்ல."

"இருக்கறதப் பத்தி எங்களுக்குப் புகார் எதுவும் வரலம்மா. இல்லாததப் பத்தித்தான் விசாரணை."

ஜிபார் சட்டத்துக்குள் இருந்த கடிதத்தைப் பார்த்தாள். "போன வருஷம் எத்தனை?"

"போன வருஷமும் பூஜ்யம். தொடர்ந்து ஆறு வருஷம்" என்றார் பெருமையாக.

"போன நவம்பர்ல எனக்குப் போச்சே."

அவர் கோப்பைத் திறந்து விரலால் வரி வரியாகத் தேடினார். நிஜமாகவே தேடினார், அதைச் சொல்லத்தான் வேண்டும். "உங்க பேருல அப்படி ஒண்ணும் இல்லையேம்மா" என்றார்.

எனக்கு அந்த மேசையைக் கவிழ்த்துவிட வேண்டும் போலிருந்தது. கவிழ்க்கவில்லை. தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். இன்றைக்கு நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

பத்து நாள் கழித்துக் கமிஷன் கூடியது. காணாமற்போன பிள்ளையைத் தேடுவதற்காகத் தலைநகர் பிஷ்கெக்கிலிருந்து ஷரிபா அம்மையார் வந்திருந்தார். பெரிய டாக்டர், ஸ்கேன் டாக்டர் கெனெஷ், நர்ஸ், கோப்போடு குல்பாரா, எங்கள் மனசைத் தேற்றுவதற்காக ஒரு மனநல ஆலோசகர். கமிஷனுக்கு ஏழு பேர் வேண்டும் என்பது விதி. ஆறு பேர்தான் தேறியதால் கட்டடத்தின் தீயணைப்புப் பொறுப்பாளரையும் கூப்பிட்டு உட்கார வைத்திருந்தார்கள். எல்லோரும் ஸ்கேன் அறைக்குள் அடைந்துகொண்டார்கள். விசாரணை என்பதால் என்னையும் அனார்குல் அண்ணியையும் கூட உள்ளே விட்டார்கள். ஜிபார் வீட்டிலிருந்து கொண்டுவந்த போர்வையை விரித்துப் படுத்தாள். வயிற்றில் பசை தடவினார்கள். ஏழு தலைகள் திரையை மறைத்துக்கொண்டு குனிந்தன.

"இடது பக்கம் பாருங்க கெனெஷ்."

"பாத்துட்டேன்."

"ஒண்ணுக்குப் பின்னாடி ஒண்ணு நிக்குதோ என்னமோ."

"நிக்கல."

"உள்ளருந்து வெளிய போக அவசர வழி ஏதாவது இருக்கா?" என்று கேட்டார் தீயணைப்புப் பொறுப்பாளர். கடமை உணர்ச்சியோடுதான் கேட்டார். ஆலோசகர் எங்கள் பக்கம் திரும்பி, ஆழமாக மூச்சு விடும்படி எங்களைக் கேட்டுக்கொண்டார்.

அண்ணிக்குப் பொறுக்கவில்லை. "அந்த ரெண்டும் என்னுது! இவ பேர்ல வந்து படுத்தது நான். இதோ, என் வயித்துல இருக்கு ரெண்டும். வேணும்னா பாத்துக்குங்க!"

குல்பாராவின் முகம் சுண்ணாம்பாய் வெளுத்தது. பெரிய டாக்டர் ஜன்னல் வழியாக மலையைப் பார்த்தார்.

"நீங்க சொன்னது என் காதுல விழலம்மா. விழுந்திருந்தா, வேற ஆளுக்கு ஸ்கேன் எடுத்ததா ஆயிரும். கெனெஷ் கையெழுத்துப் போட்டிருக்கார், நான் போட்டிருக்கேன், மேல போட்டிருக்காங்க. இத்தனை பேர் கையெழுத்துப் போட்ட ஒண்ணு பொய்யா இருக்க முடியுமா? யோசிச்சுப் பாருங்க."

ஷரிபா அம்மையார் மட்டும் யோசித்தார். அவர் கெட்டிக்காரி, அதனால்தான் தலைநகரில் இருக்கிறார்.

"நீங்க ரெண்டு பேரும் ஓரகத்திங்களா? ஒரே வீடா?"

"ஒரே முற்றம்."

"அப்ப இது இழப்பே இல்லையே! நம்ம ஜனங்க வழக்கம்தான? அண்ணன் வீட்டுக்குத் தம்பி வீட்டுப் பிள்ளையக் குடுக்கறதும், தம்பி வீட்டுக்கு அண்ணன் வீட்டுப் பிள்ளையக் குடுக்கறதும். வழக்கமா பொறந்தப்பறம் குடுப்பாங்க. இவங்க கொஞ்சம் முன்னாடியே குடுத்துட்டாங்க. இடமாற்றம்னு எழுதுங்க. முகவரி மாறல, அதனால விதியும் மீறல."

பெரிய டாக்டரின் முகத்தில் ரத்தம் திரும்பி வந்தது. குல்பாரா அதற்குள் எழுத ஆரம்பித்திருந்தாள். அண்ணிக்கும் முதல் ஸ்கேன் இல்லை என்று யாரோ சொன்னதற்கு, "வந்த பிள்ளை தன்னோட முதல் ஸ்கேனையும் கூடவே கொண்டுவருதில்ல" என்றாள். இனி அண்ணிக்கு ஸ்கேனில் இரண்டு என்று வந்தாலும் கவலையில்லை, சொந்தமாக ஒன்று, வரவு ஒன்று. எத்தனையோ வருஷம் அரசாங்கத்தைத் திட்டியிருக்கிறேன். இவ்வளவு அறிவு உள்ளே இருக்கும் என்று நினைக்கவில்லை.

"கொடுக்கறவங்க இங்க கையெழுத்துப் போடணும்" என்று பேனாவை ஜிபாரிடம் நீட்டினார்கள்.

ஜிபார் எழுந்து உட்கார்ந்தாள். வயிற்றுப் பசை போர்வையில் வழிந்தது. பேனாவை வாங்கினாள். காகிதத்தை முழுசாகப் படித்தாள். பேனாவைப் பக்கத்தில் வைத்தாள்.

"திரையத் திருப்புங்க."

"என்னம்மா?"

"இந்தப் பக்கம் திருப்புங்க. உள்ள இருக்கறது எப்படி இருக்குன்னு இவர் என்னப் பாத்துச் சொல்லணும். நம்பர்ல இல்ல, வாய்ப்பேச்சுல. அப்பறம் போடறேன்."

"அதுக்கு விதி கிடையாதும்மா."

"அப்ப கையெழுத்தும் கிடையாது. பிள்ளை தொலைஞ்சதாவே இருக்கட்டும்."

பெரிய டாக்டர் அவளைப் பார்த்தார், அம்மையாரைப் பார்த்தார். டிசம்பர் முடிய இன்னும் மூன்று மாதம் இருந்தது. அம்மையார் மெல்லத் தலையசைத்தார். கெனெஷும் நர்ஸும் சேர்ந்து தள்ளினார்கள். ஒன்பது வருஷமாக அசையாத சக்கரம், கிறீச்சென்று ஒரு சத்தம் போட்டுத்தான் திரும்பியது.

ஜிபார் மறுபடி படுத்தாள். கெனெஷ் கருவியை வைத்தார். வாயைத் திறந்தார். "தலை அறுபத்திரண்டு" என்று தொடங்கி நிறுத்தினார். அந்த மனிதனுக்கு நிஜமாகவே வார்த்தை வரவில்லை. பாவமாக இருந்தது. பெரிய டாக்டரின் முகத்தை ஒரு தடவை பார்த்துக்கொண்டு, "இதுதான்... இதயம்" என்றார். "துடிக்குது பாருங்க. நல்லாத் துடிக்குது. முதுகெலும்பு நேரா இருக்கு. தண்ணி போதுமான அளவு இருக்கு. நல்லா இருக்கும்மா. ரொம்ப நல்லாவே இருக்கு."

"இன்னொரு தடவை சொல்லுங்க."

"நல்லா இருக்கும்மா."

"அது காலுங்களா?" என்றார் தீயணைப்புப் பொறுப்பாளர். யாரும் அவரை அதட்டவில்லை. அது கால்தான். நான் சத்தமாக அழுதேன் என்று அண்ணி இன்றுவரை ஊரெல்லாம் சொல்லிச் சிரிக்கிறாள். அழுதேன், இல்லை என்று சொல்லவில்லை. ஜிபார் அழவில்லை. பசை காயும் வரை பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு கையெழுத்துப் போட்டாள்.

திரை எந்த அடிப்படையில் திருப்பப்பட்டது என்று குறிப்பில் எழுத வேண்டுமே. அம்மையார் அதற்கும் வழி சொன்னார். காணாமற்போனதாகப் புகார் இருந்தால், அடையாளம் காட்டுவதற்காகக் குடும்பத்தாருக்குத் திரையைக் காட்டலாம். மறுநாள் காலையில் ஸ்கேன் அறைக் கதவில் அச்சடித்த அறிவிப்பு தொங்கியது: திரையைப் பார்க்க விரும்புவோர், பிள்ளை ஒன்றைக் காணவில்லை என்று எழுத்துமூலம் மனுக் கொடுக்க வேண்டும்.

அந்த வாரம் மட்டும் எங்கள் மாவட்டத்தில் நாற்பத்தொரு பிள்ளைகள் காணாமற்போயின. வராந்தாவில் ஒருத்தி முதுகில் ஒருத்தி காகிதம் வைத்து எழுதினார்கள். முதல் மாதக்காரி, ஒன்பதாம் மாதக்காரி, எல்லோருக்கும் பிள்ளையைக் காணோம். கெனெஷ் காலையிலிருந்து சாயங்காலம் வரை திரையைத் திருப்பித் திருப்பிக் காட்டினார். தொண்டை கட்டிவிட்டது. எல்லாப் பிள்ளைகளும் அன்றன்றே கண்டுபிடிக்கப்பட்டன. கண்டுபிடிப்பு நூறு சதவீதம் என்று பெரிய டாக்டர் அறிக்கை அனுப்பினார். சுவரில் இரண்டாவது சட்டம் ஏறியது.

ஜிபாரும் ஒரு மனு எழுதினாள். நான் வேண்டாம் என்றேன், கேட்கவில்லை. ஜன்னலில் குனிந்து கொடுத்தாள். குல்பாரா அக்கா வழக்கம்போலப் படிக்காமலே முத்திரையைத் தூக்கியவள், பாதியில் நிறுத்திப் படித்தாள். அதில் இரண்டு வரிதான் இருந்தது. போன நவம்பரில், ஏழாம் மாதத்தில் இருந்த என் பெண்பிள்ளை. காணவில்லை.

"இது போன வருஷத்துதும்மா" என்றாள் குல்பாரா. அவள் குரல் வழக்கமான குரலாக இல்லை.

"ஆமா."

"மனுவ வாங்கினா, கண்டுபிடிச்சதா எழுதித்தான் மூட முடியும். இத எப்படி மூடறது?"

"மூட வேணாம் அக்கா. தெறந்தே இருக்கட்டும்."

குல்பாரா நாற்காலியைத் தள்ளிவிட்டு, குனிந்து, ஜன்னல் வழியாக முதல் தடவையாக ஜிபாரின் முகத்தைப் பார்த்தாள். பிறகு உட்கார்ந்து முத்திரை குத்தினாள். நாற்பத்திரண்டு என்று எண் போட்டாள்.

ஜனவரியில் பையன் பிறந்தான், நாலு கிலோ. மார்ச்சில் அண்ணிக்கு இரண்டும் பெண். நாற்பத்திரண்டாம் மனு மட்டும் இன்னும் மூடப்படவில்லை. விதிப்படி மூன்று மாதத்துக்கு ஒரு தடவை எங்களுக்குக் கடிதம் வருகிறது. தங்கள் மகளைத் தேடும் பணி தொடர்ந்து நடைபெற்று வருகிறது என்று, பெரிய டாக்டரின் கையெழுத்தோடு. ஜிபார் அந்தக் கடிதங்களில் ஒன்றைக்கூட எறிந்ததில்லை.